வானத்துக்குப் பசி கொண்டுபோனவன்

உலகத்தில் பசியை ஒழிக்கப் பாடுபட்டவர்கள் எத்தனையோ பேர். பசியே இல்லாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அதைக் கொண்டுபோய் வைத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். அவன் பெங்களூரு ஜோகுபாளையத்தில், எங்கள் மெஸ்ஸின் மூலை மேசையில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. மெஸ்ஸில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பசி’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆள் ஒட்டடைக்குச்சி. நாலு கவளத்துக்கு மேல் இறங்காது. சாப்பிட வேண்டும் என்கிற நினைப்பே அவனுக்குத் தானாக வராது. மெஸ் மூடுவதற்கு முன்னால் நான் சமையலறை ஜன்னல் பலகையில் கரண்டியால் ரெண்டு தட்டு தட்டுவேன். கடைசிப் பந்தி, வருகிறவர்கள் வரலாம் என்று அர்த்தம். அந்த ‘டக் டக்’ காதில் விழுந்தால்தான் மாடி அறையிலிருந்து இன்னொருத்தனுடைய செருப்பை மாட்டிக்கொண்டு அவன் ஓடிவருவான்.

“வந்துட்டேன்க்கா! மூடிடாதீங்க!”

நான் ஜன்னலுக்கு உட்பக்கம். பரிமாறுவது, கல்லாவில் உட்காருவது, சிரித்துப் பேசுவது எல்லாம் என் வீட்டுக்காரர் இலாகா. நாலு ஆம்பிளைகள் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்கு வர எனக்குக் கால் எழும்பாது. ஜன்னல் வழியாகக் காலி வாளி வரும், நிறைந்த வாளி போகும். வருஷக்கணக்காகச் சாப்பிட்டவர்களுக்கும் என் வளையல் தெரியும், முகம் தெரியாது. ஆனால் காது என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

தொண்ணூற்றொன்பது, இரண்டாயிரம் வாக்கில் எங்கள் மாடியில் நாலு பையன்கள் தங்கியிருந்தார்கள். தனபால், சேவியர், ஹரி, நாலாவது பசி. கம்ப்யூட்டர் தனபாலுடையது. அதனால் அவன்தான் தலைவன். அது டெலிபோன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பூனைச் சண்டை மாதிரிக் கத்தும். பிறகு உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்களெல்லாம் அதற்குள் வந்துவிடுவார்கள். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பல்கள் போகும். வருகிறவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டுவார்கள்: கேப்டன், டாக்டர், வியாபாரி, கொள்ளைக்காரன். கூத்து மாதிரிதான். ஆடுகிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கூத்துக்குச் சட்டம் எழுதுகிறவர்கள் எங்கள் மாடிப் பையன்கள். அவர்களும் அதில் வேஷம் கட்டுவார்கள்.

இந்தச் சட்டத்தை மாற்று, அந்தச் சட்டத்தைச் சேர் என்று விளையாடுகிறவர்கள் யோசனை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். தனபால் எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கி வருவான். மூலை மேசையில் சபை கூடும். பேசுகிறவன் சாப்பிடக் கூடாது, சாப்பிடுகிறவன் பேசக் கூடாது என்பது தனபால் போட்ட விதி. ஓட்டுப் போட இடது கையைத் தூக்க வேண்டும். பசி தட்டில் சாதம் எப்போதும் ஆறித்தான் கிடக்கும்.

“நெனச்ச எடத்துக்கு நெனச்ச நேரத்துல போற மாதிரி ஒரு மெஷின் வேணுமாம்” என்பான் தனபால்.

“ஆட்சேபம்!” பசி எழுந்துவிடுவான். “எல்லாரும் நெனச்ச எடத்துக்குப் போய்ட்டா வழின்னு ஒண்ணு எதுக்கு? நான் தெனம் அடுகோடிக்கு ரெண்டு பஸ் மாறிப் போறேன். அந்த வழியிலதான்டா எனக்கு எல்லாமே நடக்குது!”

“உனக்கு என்னடா நடந்துது?”

“நேத்து ஒரு ஆடு டிக்கெட் வாங்காம வந்துது.”

மெஷின் தோற்றுப்போகும்.

அந்தச் சபைக்குப் பக்கத்து மேசையில் ஏட்டய்யா சாப்பிடுவார். கன்னடக்காரர், போலீசிலிருந்து ஓய்வுபெற்றவர், சாப்பிடும்போது தலையைத் தூக்காதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேவியர் மோரைக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: “டாக்டரை மொதல்ல முடிச்சுடணும். அந்தாள் உயிரோட இருக்கற வரைக்கும் கப்பல் நம்ம கைக்கு வராது.”

“விஷம்?” என்றான் ஹரி.

“விஷத்தை அந்தாளே கண்டுபிடிச்சுடுவான். கதவைத் தொறந்து வெளிய தள்ளிடலாம்.”

ஏட்டய்யா வாழ்நாளில் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். கையில் பிசைந்த சாதம் அப்படியே நின்றது. என் வீட்டுக்காரரைப் பார்த்து, “யாவ டாக்டர்ரீ அது?” என்றார்.

“ஆகாசத்துல இருக்கற டாக்டர் சார்” என்றார் என் வீட்டுக்காரர். ஏட்டய்யாவுக்கு அது இன்னும் கலவரமாகப் போயிற்று. அன்றிலிருந்து அவர் முதுகைச் சுவர்ப் பக்கம் வைத்துத்தான் உட்காருவார்.

பசிக்கு அந்தப் பெயர் வந்த ஞாயிறுக்கு வருகிறேன். அன்றைக்கு அவன் சொந்தமாக ஒரு யோசனை கொண்டுவந்தான். கப்பலில் இருக்கிறவர்களுக்குப் பசிக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்க வேண்டும். இரண்டாவது வேளையும் விட்டால் மயங்கி விழ வேண்டும். கப்பலுக்குக் கப்பல் சமையலறை வேண்டும்.

தனபால் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஆபீஸ்ல மாரடிச்சுட்டு விளையாடலாம்னு வந்து உக்கார்றான். அங்கயும் போய் அவன் தட்டு தூக்கிட்டு நிக்கணுமா?”

“நிக்கட்டும்! பசிக்காதவன் எதுக்குடா கப்பலை விட்டு எறங்கறான்? எதுக்கு வியாபாரம் பண்றான்? எதுக்குக் கொள்ளை அடிக்கறான்?”

“ஜாலிக்கு.”

“ஜாலிக்குக் கொள்ளை அடிக்கறவன் கொள்ளைக்காரனா? அவன் பேரு பணக்காரன்டா!”

சேவியர் சமாதானத்துக்கு வந்தான். “சரி, மாத்திரை வெச்சுடலாம். ஒண்ணு முழுங்கினா ஒரு வருஷத்துக்குப் பசிக்காது. விண்வெளின்னா மாத்திரைதான்.”

தயிர்சாதக் கையோடு பசி எழுந்து நின்றான். அவனுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. கோபத்தில் அவன் காது மட்டும் சிவக்கும். “மாத்திரையா? அப்போ அக்கா எதுக்கு?” என்று ஜன்னலைக் காட்டினான். நான் சட்டென்று அடுப்புப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஓட்டுக்கு விட்டார்கள். தனபாலும் சேவியரும் எதிர்ப்பு. ஹரியின் ஓட்டுக்கு விலை எப்போதும் ஓர் அப்பளம். அன்றைக்குப் பசி தன்னுடையதைக் கொடுத்திருந்தான். ஆக ரெண்டுக்கு ரெண்டு. அந்தச் சமயம் பார்த்து நான் காலி சாம்பார் வாளியை எடுக்க ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன்.

“அக்கா கை தூக்கிட்டாங்க!” என்று கத்தினான் பசி.

“டேய், அது வாளிக்கு நீட்டின கைடா!”

“கை கைதான். எதுக்குத் தூக்கினாங்கன்னு கேக்கணும்னு உன் சட்டத்துல இருக்கா?”

தனபால் யோசித்தான். சட்டத்தில் இல்லை. நான் சூடான பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரிக் கையை இழுத்துக்கொண்டேன். வாளி அங்கேயே நின்றது. அதற்குள் பசி ஜெயித்திருந்தான்.

தனபால் சும்மா விடவில்லை. “அடுத்த ஞாயிறு விட்டு அதுக்கடுத்த ஞாயிறு வரைக்கும் வெச்சுப் பாக்கறேன். அன்னிக்கு மறுபடி ஓட்டு. தோத்துட்டா உன் பசியும் போகும், நீயும் இந்த மேசையை விட்டு எழுந்துடணும். அப்புறம் ஒரு யோசனை சொல்லக் கூடாது. சம்மதமா?”

பசி தட்டை நகர்த்தி வைத்தான். அடுகோடி ஆபீசில் நாள் முழுக்க யாரோடும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறவன். அவனுக்கு இருந்த ஒரே திருவிழா அந்த மூலை மேசைதான். “சம்மதம்” என்றான்.

அடுத்த சில நாட்கள் என்னைப் படாத பாடு படுத்தினான். ஜன்னலண்டை நின்றுகொண்டு கேள்வி. “அக்கா, லேட்டா வந்தா என்ன கெடைக்கும்?”, “ரெண்டாவது தடவை சாம்பார் கேட்டா எந்த அளவுக்குப் போடுவீங்க?”, “புடிக்காதவனுக்கும் அதே கரண்டிதானா?” நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவேன். ஆட்டினது எந்தக் கேள்விக்கு என்று அவனே முடிவு செய்துகொள்வான். வாசலில் தொங்கும் மெஸ் நேரப் பலகை முன்னால் நின்று கோயில் கல்வெட்டைப் படிப்பது மாதிரிப் படித்தான்.

வானத்தில் பசி வந்துவிட்டது. முதல் சில நாட்கள் ஒரு குறையும் இல்லை. கப்பல் சமையலறையில் டக் டக் என்று சத்தம் கேட்குமாம், வேஷக்காரர்கள் ஓடுவார்களாம். சனிக்கிழமை தனபாலே, “பரவால்லடா, ஓடுது” என்றான். பசி அன்றைக்கு ஐந்தாவது கவளம் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மெஸ்ஸுக்கு விடுமுறை. பையன்கள் சிவாஜிநகருக்கு பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை காலையில் இட்லி ஈடு இறக்கிக்கொண்டிருக்கிறேன், மாடிப்படியில் தனபால் உருண்டு வருகிற சத்தம்.

“செத்தோம்டா! கப்பல் கப்பலா மயங்கிக் கெடக்கறானுங்க!”

ஏட்டய்யா கையிலிருந்த இட்லி தட்டில் விழுந்தது.

“ராத்திரி சாப்பாடு கெடைக்கல, காலைலயும் எழுந்து போக முடியல. கேப்டன் சக்கரத்து மேலயே சாஞ்சுட்டான். பெரிய சண்டை நடந்துட்டிருந்துது, ரெண்டு பக்கமும் விழுந்துட்டான். கொள்ளை அடிக்க ஏறினவன் களஞ்சியத்து வாசல்லயே விழுந்து கெடக்கறான்!”

“டாக்டரு?” என்றார் ஏட்டய்யா, தன்னை மறந்து.

“டாக்டரும்தான் சார்!”

ஏட்டய்யா எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டார். தன் காலத்தில் இப்படி ஒரு கேஸ் பார்த்ததில்லை என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனாராம்.

சேவியர் பசியின் சட்டையைப் பிடித்தான். “சமையலறை ஏன்டா பூட்டியிருந்துது?”

பசி நிதானமாகச் சொன்னான். “ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அக்காவுக்கு லீவு.”

“எந்த அக்காவுக்கு?”

“கப்பல் அக்காவுக்கு. ஒவ்வொரு கப்பல்லயும் ஒருத்தங்க இருக்காங்க. முகம் தெரியாது. ஜன்னல் வழியா கை மட்டும் வரும்.”

“மெஸ் நேரப் பலகையில இருக்கறதை அப்படியே போட்டியா? டேய், நட்சத்திரத்துக்கு நடுவுல ஏதுடா ஞாயித்துக்கெழமை?”

“சமைக்கறவங்க இருந்தா ஞாயித்துக்கெழமையும் இருக்கும்.”

சட்னி அரைத்துக்கொண்டிருந்த நான் மிக்சியை நிறுத்திவிட்டேன். கரண்ட் போய்விட்டதா என்று வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார்.

அந்த வாரம் முழுக்கப் பசி மூலை மேசைக்கு வரவில்லை. வாசல் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டான், தோற்றுப்போனால் எப்படி இருக்கும் என்று பழகிப் பார்க்கிறவன் மாதிரி. ஆபீசில் அவனை ஊருக்கு வெளியே ஹெப்பகோடிக்கு மாற்றப்போகிறார்கள் என்றும் ஒரு பேச்சு. “போய்டலாம்னு இருக்கேன்க்கா. இங்க என்ன இருக்கு?” என்றான் ஜன்னலைப் பார்த்து. நான் கூட்டு ஒரு கரண்டி அதிகமாக வைத்தேன்.

கெடு வைத்த ஞாயிறு வந்தது. தனபால் கொண்டுவந்த கட்டு வழக்கத்தைவிடத் தடி. அவனுக்கே படிக்கப் பிடிக்கவில்லை, ஆனால் நேர்மையானவன். “நெறய பேர் ஓடிட்டான். அதை மொதல்ல சொல்லிடறேன்” என்றான். பசியின் காது வெளுத்துப்போயிற்று.

“இருக்கறவன் எழுதினதைப் படிக்கறேன். ஒருத்தன் ஊறுகாய் வேணுங்கறான். இன்னொருத்தன், மயங்கிக் கெடந்தப்ப எதிரிக் கப்பல்காரன் தன் ரொட்டியில பாதி குடுத்தானாம், இனிமே அவனை எப்படிச் சுடறதுன்னு கேக்கறான். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் சண்டையே கூடாதுன்னு ஒருத்தன். சமையக்கார அம்மாவுக்குப் புதன்கெழமையும் லீவு விடணும்னு ஒரு பொண்ணு. மாத்திரை வேணும்னு ஒரே ஒருத்தன் கேட்டிருக்கான்.”

“யாரு?” என்றான் ஹரி.

எல்லோரும் சேவியரைப் பார்த்தார்கள். சேவியர் குனிந்து வேகமாகச் சாப்பிட்டான். சாப்பிடுகிறவன் பேசக் கூடாதே.

ஓட்டு. “ஓடினவங்களை நெனச்சுப் பாருங்கடா” என்று தனபால் எதிர்த்தான். சேவியர் எதிர்த்தான். ஸ்டூலிலிருந்து பசி இடது கையைத் தூக்கினான். ஹரியைப் பார்த்தான். தட்டில் அப்பளம் இல்லை, அன்றைக்கு நான் அப்பளமே பொரிக்கவில்லை. ஹரி கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்பளம் இல்லாமலே கையைத் தூக்கினான். அந்த மெஸ்ஸின் சரித்திரத்தில் அது முதல் தடவை.

ரெண்டுக்கு ரெண்டு.

தனபால் பேப்பர் கட்டை மடித்தான். “சமமா வந்தா பழைய சட்டம்தான் நிக்கும். பசி, ஸாரிடா…”

நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன்.

“வாளிக்குடா” என்றான் சேவியர். பிறகு ஜன்னல் பலகையைப் பார்த்தான். வாளி இல்லை. தட்டு இல்லை. எடுப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. கை மட்டும் நின்றது. ஜெயித்ததும் பசி கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து மூலை மேசையண்டை போட்டு உட்கார்ந்தான்.

பிறகு அந்த விளையாட்டும் ஒருநாள் நின்றது. பையன்கள் திசைக்கொருவராகப் போனார்கள். பசி ஹெப்பகோடி போய், அங்கிருந்து ஏதோ பனி கொட்டுகிற தேசத்துக்குப் போய்விட்டான். மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்வான். அவனே பேசிக்கொண்டிருப்பான், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். முடிக்கும்போது ஒன்று மட்டும் கேட்பேன்.

“சாப்ட்டியா?”

அந்தப் பக்கம் சத்தம் இருக்காது. யோசிக்கிறான் என்றால் இன்னும் சாப்பிடவில்லை என்று அர்த்தம். நான் ரிசீவரை ஜன்னல் பலகையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே கரண்டியால் ரெண்டு தட்டு தட்டுவேன். கடல் கடந்து செருப்புத் தேடுகிற சத்தம் கேட்கும்.

“வந்துட்டேன்க்கா! மூடிடாதீங்க!”