நாற்காலியிலிருந்து அயனி மண்டலம்

வானத்தைக் கரைத்துக் குடித்திருப்பார். சொந்த அலுவலகத்தின் மொட்டை மாடியை மட்டும் பார்த்திருக்கமாட்டார். இப்படி ஓர் இனம் உண்டு. நாற்காலி நிபுணர் என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் துறையிலும் விளைகிற இனம்தான். நம்மவர் விளைந்தது அயனி மண்டல ஆராய்ச்சியில்.

செயற்கைக்கோள் அனுப்பும் ரேடியோ அலை, தலைக்கு மேலே முந்நூறு கிலோமீட்டரில் மின்னேறிக் கிடக்கும் அந்த அயனி மண்டலக் காற்றுக்குள் புகுந்து வரும்போது கொஞ்சம் தாமதிக்கும், கொஞ்சம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை மாடியிலுள்ள ஆன்டெனா பிடித்துக் கீழே கணினிக்கு அனுப்ப, அதை வைத்து மேலே நடப்பதையெல்லாம் இவர் சொல்லிவிடுவார். எழுந்திருக்காமலே சொல்லிவிடுவார். அப்புறம் எதற்கு எழுந்திருக்க வேண்டும்?

எட்டு மாதமாக வரைபடத்தில் ஒரு பள்ளம். குறிப்பிட்ட ஒரு செயற்கைக்கோள் மேற்கே இறங்கும்போது மட்டும் அலை படுத்துவிடும். அதுவும் நேற்றைவிட இன்று நாலு நிமிடம் முன்னதாக. உலகத்தில் யாரும் காணாத நிகழ்வு என்று முடிவுகட்டி, அதற்குத் தன் பெயரையே சூட்டி, வரப்போகும் பதவி உயர்வுக்கும் அதையே மலைபோல் நம்பி, கருத்தரங்குக்குக் கட்டுரையும் எழுதிவிட்டார். ஆன்டெனாவைப் பராமரிக்கும் டெக்னீஷியனுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"சார், அந்த சாட்டிலைட்டே தினமும் நாலு நிமிஷம் முன்னாடிதான் அதே இடத்துக்கு வருது. ஆன்டெனாவுக்கு மேற்கே எட்டு மாசம் முன்னாடி புதுசா இரும்புத் தண்ணி டேங்க் வச்சிருக்காங்க, அதுதான் மறைக்குது. ஒரு தடவை மேல வந்து பாருங்களேன்."

"டேட்டாவை வச்சுப் பேசுப்பா. கண்ணை வச்சுப் பேசாதே."

கருத்தரங்கில் கைதட்டல் ஓய்ந்ததும் முன்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். அந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"உங்க ஆன்டெனாவுக்கு மேற்கே என்ன இருக்கு?"

"வானம் இருக்கு," என்றார் நம்மவர்.

சபை சிரித்தது. அம்மையார் சிரிக்கவில்லை. "ஒரு போட்டோ அனுப்புங்க. பார்த்துட்டுக் கட்டுரையை ஏத்துக்கலாம்."

மறுநாள் நம்மவர் முதன்முறையாக மாடி ஏறினார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, தன் பெயர் சூட்டிய அபூர்வ நிகழ்வின் எதிரில் போய் நின்றார். கொள்ளளவு ஆயிரம் லிட்டர் என்று அதன்மேல் எழுதியிருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கீழே இறங்கி வந்து டெக்னீஷியனிடம் என்ன கேட்டார் தெரியுமா?

"ஏம்ப்பா, இதை ஏன் என்கிட்ட யாருமே சொல்லல?"

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் மகள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. செல்போன்தான் காரணம் என்று வீட்டில் எல்லாருக்கும் புள்ளிவிவரத்தோடு விளக்கிவிட்டீர்கள். அவள் அறை அடுத்ததுதான். கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டீர்களா?