தூங்குகிறாரா? ஆம் / இல்லை

"சார்... சார்... தூங்கறீங்களா?"

நாலாம் படுக்கைக்காரர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். மாவுக்கட்டுப் போட்ட வலது கை, போர்வைக்கு வெளியே ஒருமுறை துள்ளி அடங்கியது.

"தூங்கிக்கிட்டு இருந்தேன்."

"இப்போ?"

"இப்போ எப்படிங்க தூங்குவேன்? உங்களோட பேசிக்கிட்டில்ல இருக்கேன்!"

ஆராய்ச்சி சார் பெருமூச்சு விட்டபடி 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டார். பதினொரு படுக்கை, பதினொரு 'இல்லை'. பட்டப்பகலில், அமைதி நேரம் என்று அவரே பலகை மாட்டிய இரண்டு மணியிலிருந்து நாலு மணிக்குள், ஒரு வார்டு முழுக்க ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது.

அவர் அந்த ஆஸ்பத்திரியின் தரப் பிரிவு. தரப் பிரிவில் வேலை பார்ப்பவர் என்று சொல்லவில்லை; பிரிவே அவர்தான். ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு ஆள். போன மாதம் இந்த ஆண்கள் வார்டில் மூன்று பேர் வழுக்கி விழுந்தார்கள். மூன்று பேருமே ராத்திரி ஊசிக்கும் விடிகாலை ரத்தப் பரிசோதனைக்கும் எழுப்பப்பட்டு, பகலில் தூக்கக் கலக்கத்தோடு பாத்ரூமுக்குப் போனவர்கள். வயிற்றுவலிக்கு வந்த நாலாம் படுக்கைக்காரர் மணிக்கட்டையும் உடைத்துக்கொண்டது அப்படித்தான். அவர் விழுந்தபோது ஆராய்ச்சி சார் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தார். எட்டிப் பிடிப்பதற்குள் 'தொப்'பென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் அவர் காதை விட்டுப் போகவே இல்லை.

"மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்க விட்டா விழ மாட்டாங்க சார்" என்று பெரிய டாக்டரிடம் கெஞ்சினார்.

"தூங்க விடறதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா? சரி, ஆறு வாரம் தர்றேன். ஒண்ணும் தேறலைன்னா அந்த ரூம்ல சக்கர நாற்காலி போட்டுக்கறோம். நீங்க பழையபடி கீழ ரெக்கார்டு ரூமுக்குப் போயிடுங்க."

முதல் வாரத்துக் கணக்கைப் பார்த்ததும் தலைமை நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"எழுப்பிக் கேட்டா யாரு சார் ஆமான்னு சொல்லுவாங்க? பாத்தாலே தெரியலையா?"

"பாத்து எழுதினா அது ஊகம் சிஸ்டர். நோயாளியைக் கேட்டுத்தான் எழுதணும். தாள்லயே போட்டிருக்கேன் பாருங்க."

தாளில் போட்டுத்தான் இருந்தது. போட்டதும் அவரேதான். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார். எத்தனை நிமிஷம் தூங்கினார்கள் என்று நாலு மணிக்கு அவரவரே எழுதிக் கொடுக்கலாம். ஆனால் இடையில் தலையணை வசதியா, வெளிச்சம் உறுத்துகிறதா, சத்தம் தொந்தரவா என்று கால்மணிக்கொரு தரம் ஒவ்வொரு படுக்கையாகக் கேட்டுக்கொண்டு போவதை மட்டும் அவர் விடவில்லை. அக்கறை இருக்கிறவரால் சும்மா இருக்க முடியுமா?

எல்லாரும் சத்தம்தான் தொந்தரவு என்றார்கள். எந்தச் சத்தம் என்று கேட்டால் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஆகவே சத்தங்களை ஒவ்வொன்றாக ஒழித்துக்கட்டக் கிளம்பினார்.

மருந்து வண்டியின் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டார். வண்டி வருவதே தெரியாமல் ஆளை இடித்தது. அதனால் வண்டி தள்ளுகிறவர் "வழி! வழி!" என்று கத்திக்கொண்டே தள்ளினார். நர்ஸுகளுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தார். கண் விழித்தவர்கள் தலைமாட்டில் திடீரென்று வெள்ளையாக ஒரு உருவத்தைப் பார்த்து அலறினார்கள். டிக் டிக் என்கிறதே என்று சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். அன்றிலிருந்து "மணி என்ன?", "மணி என்ன?" என்று பதினொரு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள்.

மூன்று வாரம் போய்விட்டது. நாலாம் வாரம் சத்தமானி வந்தது. வார்டில் எழும் சத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் சின்னப் பெட்டி. மூலையில் ஜன்னலோரம் சுவரில் மாட்டி, யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று அதன் அடியிலேயே ஒரு நாற்காலி போட்டு அவரே காவலுக்கு உட்கார்ந்தார்.

ஜன்னல் திரை மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. தரையில் வெயில் ஒரு விரல் அகலத்துக்கு நகர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்தான் நுணுக்கமான சத்தம் பிடிபடும் என்று கண்ணை மூடினார்.

படுக்கைச் சக்கரங்களின் பூட்டுகள் தாமாகவே விடுபட்டன. பதினொரு படுக்கைகளும் அசைந்து அசைந்து தண்ணீரில் மிதக்க ஆரம்பித்தன. தலைமை நர்ஸ் ரப்பர் செருப்போடு தண்ணீர்மேல் நடந்து வந்து ஒவ்வொருவருக்கும் போர்வையைச் சரிசெய்தார். ஆராய்ச்சி சார் ஒரு படகில் போய்ப் படுக்கை படுக்கையாகக் கேட்டார். "தூங்கறீங்களா?" "ஆமா சார், நல்லாத் தூங்கறேன்" என்றார்கள், கண்ணைத் திறக்காமலே. அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. டிக், டிக், டிக் என்று எல்லாக் கட்டத்திலும் 'ஆம்' போட்டார். எங்கோ தூரத்தில் ஒரு பெரிய கப்பல் புறப்படுகிற ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

கண்ணைத் திறந்தால் கைக்கடிகாரத்தில் மணி நாலு. ஆழ்ந்து கவனித்தால் நேரம் போவதே தெரிவதில்லை என்று எண்ணிக்கொண்டார்.

தாள்களை வாங்கி ஒன்று விடாமல் இரண்டு தரம் பார்த்தார். ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம். நாலாம் படுக்கைக்காரர் முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கேள்வியிலிருந்த இரண்டு எழுத்துப் பிழைகளை இடது கையால் திருத்திவிட்டு, கீழே 'அருமையான தூக்கம்' என்று எழுதியிருந்தார்.

பிறகு சத்தமானியைப் பார்த்தார். இரண்டே காலிலிருந்து நாலு மணி வரை மலை மலையாகக் கோடு. சந்தைக்கடையில் வைத்தால்கூட இவ்வளவு வராது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். எல்லாரும் நன்றாகத் தூங்கிய நேரத்தில்தான் சத்தம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது.

"இது எப்படி சிஸ்டர்? நானும் அங்கயேதானே இருக்கேன், ஒரு சத்தமும் கேக்கலையே!"

தலைமை நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாலாம் படுக்கைக்காரர் அவசரமாக இடது கையை உயர்த்தி உதட்டில் விரலை வைத்தார். நர்ஸுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

மருந்து ஃப்ரிட்ஜை வராந்தாவுக்கு மாற்றினார். சத்தம் குறையவில்லை. மின்விசிறியை நிறுத்தினார். வேர்த்து வழிந்தபடி எல்லாரும் தூங்கினார்கள், சத்தம் குறையவில்லை. நிலத்தடி மோட்டாராக இருக்குமோ என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டினார்.

மெக்கானிக் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "இது மோட்டார் இல்லீங்க. மோட்டார் நடுநடுவுல மூச்சு வாங்காது."

வீட்டில் மனைவியிடம் புலம்பினார். மூன்று வருஷமாக அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் படுப்பது, காது குளிர்கிறதாம்.

"என்ன சொன்னீங்க? கேக்கலை" என்றாள்.

ஆறாவது வாரத்து வெள்ளிக்கிழமை. இரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கடைசி நாளாயிற்றே, கண் அசந்துவிடக் கூடாது என்று ஆராய்ச்சி சார் மூன்று கப் காப்பி குடித்திருந்தார். கண் கோழிமுட்டை மாதிரி விழித்திருக்க, கையில் தாளோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

இரண்டரை. மூன்று. பதினொரு பேரும் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தமானியில் கோடு, அடிமட்டம் வைத்துப் போட்டதுபோல நேராக ஓடியது.

"சத்தமும் இல்லை, தூக்கமும் இல்லை" என்றார் பெரிய டாக்டர். "என்னத்தைப் பாக்கச் சொல்றீங்க?"

"தினமும் தூங்குவாங்க சார்! இன்னிக்குத்தான்... ஏங்க, உங்களுக்குத் தூக்கம் வரலையா? நீங்க? தலையணை சரியில்லையா?" ஒவ்வொரு படுக்கையாக ஓடினார். "ஒருத்தராவது தூங்குங்களேன். யாரும் மறுபடி விழுந்துடக் கூடாதுன்னுதானே இத்தனை பாடு!"

பெரிய டாக்டரின் முகம் கொஞ்சம் இளகியது. "விழுந்தவங்க எத்தனை பேர்?"

"மூணு வாரமா ஒருத்தர்கூட இல்ல சார்" என்றார் தலைமை நர்ஸ்.

"அப்போ ஏதோ ஒண்ணு வேலை செஞ்சிருக்கு. எது? எண்ணெயா, செருப்பா, கடிகாரமா? அதைச் சொல்லுங்க, எல்லா வார்டுலயும் வைக்கிறேன். சொல்லத் தெரியலைன்னா, மன்னிச்சுக்குங்க, ரூம் சாவியைக் குடுத்துடுங்க."

ஆராய்ச்சி சார் கையிலிருந்த தாளை மடித்தார். சட்டைப் பையில் சாவியைத் தேடினார்.

அப்போது நாலாம் படுக்கைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மாவுக்கட்டுக் கையால் மூலையிலிருந்த நாற்காலியைக் காட்டினார்.

"அங்க போய் உக்காந்து கண்ணை மூடுங்க சார். உங்க குறட்டை கேட்டாத்தானே, இனி நாலு மணி வரைக்கும் யாரும் எழுப்பி 'தூங்கறீங்களா'ன்னு கேக்க மாட்டாங்கன்னு நம்பி நாங்க தூங்க முடியும்!"