மலையடிவாரத்து மனத்தடை

ஏழைகளுக்குக் காற்று போதவில்லை என்பதை மூன்று தொண்டு நிறுவனங்கள் ஒரு குளிர்சாதன அறையில் கூடி, கதவைச் சாத்திக்கொண்டு, ஒருமனதாகக் கண்டுபிடித்தன. ஒன்று நலிந்தோரைத் தேடிப் பிடிக்கும் நிறுவனம். இன்னொன்று இயற்கையைக் கவனித்துக்கொள்ளும் நிறுவனம். மூன்றாவது, இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைக்கும் நிறுவனம். கூட்டத்துக்கு பிஸ்கட் வாங்கிவந்ததும் அதுதான். பிஸ்கட் தீர்வதற்குள் திட்டம் உருவாகிவிட்டது. முதல் கட்டமாக மலையடிவாரக் குடியிருப்புக்கு மலையைத் திறந்துவிடுவது என்று முடிவானது.

அந்தக் குடியிருப்பில் புழக்கடைக் கதவைத் திறந்தால் மலை. துணி காயப்போடும் கயிற்றின் ஒரு நுனி வீட்டுச் சன்னலில் இருக்கும், மறுநுனி மலையிலுள்ள மரத்தில் இருக்கும். இஸ்திரி அக்கா தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மேலே ஏறுவாள். பாதி மலையில் ஒரு தட்டைப் பாறை. அதில் ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். "என் சட்டை ஆச்சா?" என்று கேட்க அங்கே ஒருத்தரும் கிடையாது. பகலெல்லாம் அனலில் வெந்த உடம்புக்கும், பகலெல்லாம் பதில் சொன்ன வாய்க்கும் அந்த ஒரு மணி நேரம்தான் விடுமுறை. அதை நினைத்துத்தான் மற்ற நேரத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

ஒருநாள் கையில் படிவத்தோடு ஒருங்கிணைப்பாளர் வந்தார். சின்னப் பெண், நல்ல மனசு, அதுதான் சிக்கலே.

"அக்கா, நீங்க கடைசியா இயற்கையோட நேரம் செலவழிச்சது எப்போ?"

"இயற்கைன்னா?"

"மலை, மரம், காத்து, இந்த மாதிரி."

"நேத்து சாயங்காலம்."

ஒருங்கிணைப்பாளரின் முகம் வாடிப்போனது. "அதுக்கு முன்னாடி?"

"முந்தாநேத்து."

"அக்கா, படிவத்துல மூணே கட்டம்தான் இருக்கு. 'ஒருபோதும் இல்லை', 'வாழ்நாளில் ஒருமுறை', 'கருத்துக் கூற விரும்பவில்லை'. தினமும் போறவங்களுக்குக் கட்டமே கிடையாது. நீங்க இப்படிச் சொன்னா குடியிருப்பே பட்டியல்லேர்ந்து போயிடும். நூத்திருபது ஜோடி ஷூ வேற வாங்கி வச்சிட்டோம்."

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த கணவன் எழுந்து வந்தான். "ஷூவா?"

"மலையேறுற ஷூ. இலவசம்."

"எங்க வம்சத்துலயே யாரும் மலையைப் பார்த்ததில்லைங்க" என்றான் கணவன். அவன் தலைக்குப் பின்னால், வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு மலை நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இஸ்திரி அக்காவும் பேனாவை வாங்கி, 'ஒருபோதும் இல்லை' கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். ஒரு டிக்கில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தாள். நூற்றிருபது பேருக்கும் அதே நினைப்பு, அதே டிக்.

நிறுவனங்கள் ஆடிப்போயின. மலையிலிருந்து பூஜ்யம் மீட்டர் தூரத்தில் வாழ்ந்தும் மலையை அறியாத மக்கள்! தூரம் தடையில்லை என்றால், தடை மனத்தில்தான் இருக்கவேண்டும் என்று நிபுணர்கள் எழுதினார்கள். மனத்தடையை நீக்கவேண்டுமானால் முதலில் அது கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றும் எழுதினார்கள். எனவே மலையைச் சுற்றி எட்டடி உயரத்தில் கம்பி வேலி போடப்பட்டது. அதில் ஒரு கதவும், கதவுக்கு ஒரு காவலாளியும் வைக்கப்பட்டன. காவலாளி வேலை இஸ்திரி அக்காவின் கொழுந்தனுக்கே கிடைத்தது.

அன்று ஐந்து மணிக்கு அவள் போனபோது அவன் விறைப்பாக எழுந்து நின்றான்.

"அண்ணி, நுழைவுச் சீட்டு?"

"டேய், காலையில என் கையாலதானே தின்னே?"

"அது வீடு அண்ணி. இது திட்டம். பயிற்சி முடிச்சா சான்றிதழ் தருவாங்க, சான்றிதழ் காட்டினா சீட்டு தருவாங்க. மலையைப் பார்க்காதவங்களைத் திடீர்னு உள்ளே விட்டா மனசு பாதிக்குமாம்."

"நான் பார்க்காதவளாடா?"

"நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

அவள் திரும்பி வந்து இன்னும் பத்துச் சட்டை தேய்த்தாள். அழுகை வந்தது, பெட்டியின் புகை என்று சொல்லிக்கொண்டாள்.

பயிற்சி சமுதாயக் கூடத்தில் நடந்தது. வெளிக்காற்றில் பேப்பர் பறப்பதால் சன்னல்களை அடைத்துவிட்டு மின்விசிறி போட்டிருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு பாடம். முதல் பாடம் மூச்சு விடுதல். இரண்டாம் பாடத்தில் பச்சைத் தாள் ஒன்றை அரைமணி நேரம் பார்க்கச் சொன்னார்கள். நான்காம் பாடம் பாறையில் அமர்தல். பிளாஸ்டிக் நாற்காலிமேல் சாம்பல் நிறப் போர்வையைப் போட்டு, அதுதான் பாறை என்றார் பயிற்சியாளர். கழுத்தில் விசில், இரண்டு கையிலும் ஊன்றுகோல், நெற்றியில் விளக்கு என்று ஆள் ஜம்மென்று இருந்தார். நடுப்பகல், விளக்கும் எரிந்தது.

இஸ்திரி அக்கா போய், காலை நீட்டி, பாங்காக உட்கார்ந்தாள். பயிற்சியாளரின் கண் சுருங்கியது.

"அம்மா, உங்களுக்கு முன் அனுபவம் உண்டா?"

ஒருத்தருக்கு முன் அனுபவம் இருந்தாலும் மொத்தக் குடியிருப்பும் தகுதி இழக்கும் என்று விதி. பக்கத்து வீட்டுக்காரி அவள் விலாவில் ஒரு குத்து விட்டாள். இஸ்திரி அக்கா உடனே நாற்காலியிலிருந்து சரிந்து, தொப்பென்று தரையில் விழுந்தாள்.

"நல்லது. பயம் இயல்பு" என்று பயிற்சியாளர் குறித்துக்கொண்டார். அதன்பிறகு போட்டிதான். நேற்றுவரை மலையில் விறகு பொறுக்கியவர்கள் எல்லாம் சமதரையில் தடுக்கி விழுந்தார்கள். பச்சைத் தாளைக் கண்டு ஒரு பெரியவர் மயக்கமே போட்டார். அவருக்குக் கைதட்டல் கிடைத்தது.

முதல் மலையேற்ற நாள் வந்தது. மூன்று நிறுவனத் தலைவர்களும் ஆளுக்கொரு கத்தரிக்கோலோடு வந்து ஒரே ரிப்பனை மூன்று இடத்தில் வெட்டினார்கள். ஷூ எல்லாம் ஒன்பதாம் நம்பர். மொத்தமாக வாங்கினால் அந்த நம்பர்தான் மலிவாம். ஆறாம் நம்பர் கால்கள் ஒன்பதாம் நம்பர் ஷூவுக்குள் தனியாக நடக்க, இந்த முறை மக்கள் நிஜமாகவே தடுக்கி விழுந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் நெகிழ்ந்து படம் எடுத்தார்.

கால் மலையில் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"இடதா, வலதா?" என்று பயிற்சியாளர் தன்னையே கேட்டுக்கொண்டார்.

நூற்றிருபது பேருக்கும் வலது என்று தெரியும். "எங்களுக்கு என்ன சார் தெரியும்? முதல் தடவைதானே!" என்றான் கணவன், வெகு பணிவாக.

இடதுபுறம் போனார்கள். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் மக்கள் அதே மரத்தைப் பார்த்து, "அடேயப்பா!" என்று வியந்தார்கள். நான்காவது சுற்றில் பயிற்சியாளரின் ஊன்றுகோல் ஒன்று புதரில் போனது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் பயிற்சியாளரே உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்து, பேச்சு குழறியது.

இஸ்திரி அக்கா ஒரு நிமிஷம் பார்த்தாள். குடியிருப்பே அவளை 'வேண்டாம்' என்று கண்ணால் கெஞ்சியது. மனுஷன் செத்துப்போவான்போல இருந்தது. ஷூ இரண்டையும் உதறி எறிந்தாள். அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பாறைக்குப் பாறை தாவி, குறுக்கு வழியில் ஏழே நிமிஷத்தில் கீழே இறங்கி ஆம்புலன்சில் கிடத்தினாள். அப்புறம் பயிற்சியாளர் பிழைத்துக்கொண்டார். மற்றவர்களும் அதே குறுக்கு வழியில் பின்னாலேயே இறங்கி வந்து சேர்ந்தார்கள். தொலைந்தோம், ஷூ போச்சு என்று எல்லாரும் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார்கள்.

ஒருங்கிணைப்பாளரின் கண்ணில் நீர் தளும்பியது. "பன்னிரண்டே வகுப்பு! நாற்காலியில உட்காரத் தெரியாம விழுந்த அக்காவா இது!"

மறுவாரம் இஸ்திரி அக்கா தலைமைப் பயிற்சியாளராக நியமனம் பெற்றாள். மாதச் சம்பளம், மின்விசிறிக்குக் கீழே வேலை, கழுத்தில் விசில். இஸ்திரிப் பெட்டி பரணுக்குப் போனது. கணவன் காலணிக் காப்பாளர் ஆனான். பக்கத்து வீட்டுக்காரி பச்சைத் தாள் பொறுப்பாளர். மற்ற ஊர்களிலிருந்து பயிற்சிக்கு ஆட்கள் வர வர, வீட்டுக்கு ஒரு பதவி கிடைத்தது. வகுப்பு நேரம் மாலை ஐந்து முதல் ஆறு வரை.

ஆறாம் மாதம் ஒருங்கிணைப்பாளர் கூட்டம் கூட்டினார்.

"உங்க மனத்தடை முழுசா நீங்கிடுச்சுன்னு அறிக்கை வந்திருக்கு. இனி வேலி தேவையில்லை. நீங்க சம்மதிச்சா நாளைக்கே எடுத்துடலாம். வகுப்பும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். யார் வேணும்னாலும், எப்போ வேணும்னாலும் ஏறலாம்!"

இஸ்திரி அக்காவுக்கு நெஞ்சு துள்ளியது. நாளைக்கே! ஐந்து மணி, தட்டைப் பாறை, பேசாத ஒரு மணி நேரம். உள்ளங்காலில் பாறையின் சூடு ஏறுவதுபோலவே இருந்தது.

"அப்போ என் வேலை?" என்றான் கொழுந்தன்.

"வேலி இல்லேன்னா கண்டவங்களும் ஏறிடுவாங்களே!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"வேலி இருக்கணும்ங்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர், குழப்பத்தோடு.

கைகள் எழுந்தன. கணவன் இரண்டு கையையும் தூக்கினான். இஸ்திரி அக்கா பரணில் இருக்கும் பெட்டியை நினைத்தாள். அதன் அனலை நினைத்தாள். கை தானாகத்தான் மேலே போனது என்று பிற்பாடு கணவனிடம் சொன்னாள்.

மக்களின் ஏகமனதான வேண்டுகோளை ஏற்று, வேலி மேலும் இரண்டடி உயர்த்தப்பட்டது. மறுநாள் மாலை ஐந்து மணிக்கு இஸ்திரி அக்கா சமுதாயக் கூடத்தின் சன்னல்களை அடைத்துவிட்டு, விசிலை ஊதி, எட்டாம் பாடத்தைத் தொடங்கினாள். பாடத்தின் பெயர் தனிமை. நாற்பது பேர் வந்திருந்தார்கள்.