ஐந்து மாநிலம் பார்த்த ஜெராக்ஸ் கட்டு

அன்புள்ள மாப்பிள்ளை, வக்கீல் ஜீவா அவர்களுக்கு,

நாமக்கல்லிலிருந்து தாய்மாமன் வேலுசாமி எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை பொன்னாயி, மகள் யாழினி, மூன்று லாரிகள், எல்லோரும் சுகம். அஸ்தம்பட்டியில் அக்காளும் நீங்களும் அதே சுகத்தோடு இருக்க வேண்டுகிறேன்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், கதை வேகத்தில் மறந்துவிடும். உங்கள் கடிதம் வராமல் இருந்திருந்தால் யாழினியின் ஆராய்ச்சி என்னாலேயே குட்டிச்சுவராகியிருக்கும்.

வெயிலில் முட்டைக்கோழி ஏன் சாகிறது என்று அவள் நான்கு வருடமாக எழுதிய ஆய்வேட்டைப் பன்னிரண்டாம் தேதி கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால்தான் இங்கிலாந்தில் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய இடம். மேசையில் புத்தகங்களிலிருந்து எடுத்த ஜெராக்ஸ் கட்டு கிடந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தால், அனுமதியின்றி எந்தப் பகுதியையும் நகலெடுக்கக் கூடாது என்று அச்சடித்திருக்கிறார்கள். பெர்மிட் இல்லாமல் வண்டி ஓட்டாத குடும்பத்தில் பிறந்தவள் பெர்மிட் இல்லாமல் படித்திருக்கிறாளே என்று பதறி, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கட்டைத் தூக்கி முட்டை லாரியின் சீட்டுக்கு அடியில் ஒளித்துவிட்டேன். அந்த லாரிக்கு அன்று நாக்பூர் லோடு என்பது எனக்கு அடியோடு மறந்துபோனது. அவள் பென்சிலில் எழுதிய குறிப்பெல்லாம் அந்தக் கட்டில்தானாம். "நாலு வருசத்தையும் லாரில ஏத்தி உட்டுட்டீங்களேப்பா" என்று அவள் அழ, உங்கள் அத்தை எனக்குச் சோறு போட்டாளே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை.

போனில் நான் போட்ட கூச்சலில் ஒரு சட்டமும் சொல்ல முடியாமல், நாலு பக்கம் எழுதி ராசிபுரம் வழியாக வரும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினீர்கள் பாருங்கள், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நம் நாட்டில் சொந்த ஆராய்ச்சிக்கு நியாயமான அளவில் நகலெடுக்கச் சட்டமே இடம் தருகிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கிலாந்தில் வியாபார நோக்கமில்லாத ஆராய்ச்சி என்றால், முறையாகக் கிடைத்த கட்டுரைகளைக் கம்ப்யூட்டரை விட்டு அலசலாம். ஜப்பானில் அப்படி அலசுவதற்கு இன்னும் தாராளம். அமெரிக்காவில் எதற்கு, எவ்வளவு என்று நாலு கேள்வி கேட்டுத்தான் முடிவு. ஸ்டேட்டுக்கு ஸ்டேட் ரூல் மாறுவது லாரிக்காரனுக்குத் தெரியாததா! என் மகள் தப்பு செய்யவில்லை என்று படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே டிரைவருக்குப் போன் போட்டு, கட்டைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னேன்.

பதினொன்றாம் தேதி டிரைவர் சின்னண்ணன் கட்டோடு வந்து இறங்கினார். "அஞ்சு ஸ்டேட்டு தாண்டுனனுங்க, ஒரு செக்போஸ்ட்லயும் இதைப் பத்திக் கேக்கலீங்க" என்றார். மறுநாள் யாழினி ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். "ஜீவா மச்சானுக்கு நன்றி சொல்லி எழுதுங்கப்பா, நீங்க பண்ணுனதை மட்டும் எழுதாதீங்க" என்றாள். மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் கை நல்லா இருக்கணும் சாமி. எல்லாக் கேஸும் உங்களுக்கே ஜெயித்து, எதிர் வக்கீல் பிழைக்க ஒன்றிரண்டு மிச்சம் இருக்க ஆஞ்சநேயர் அருளட்டும்.

பிரியமுள்ள மாமன்,
வேலுசாமி

பின்குறிப்பு: எங்கள் லாரி உரிமையாளர் சங்கத்து ஆண்டுமலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நச்சரித்தார்கள். உங்கள் கடிதத்தை ஓர் எழுத்து மாற்றாமல் கொடுத்துவிட்டேன். ஆயிரம் பிரதி, மேலே என் பெயர், பக்கத்தில் டயர் விளம்பரம். எல்லோரும் வந்து கைகொடுக்கிறார்கள். யாழினி மட்டும், "இதுக்கு எந்த நாட்டுலயும் இடமில்லீங்கப்பா" என்கிறாள். எங்காவது இருந்தால் சொல்லுங்கள் மாப்பிள்ளை, பாஸ்போர்ட் எடுத்துவிடுகிறேன்.