பந்தயக் கடைக்குப் போன கேபிள்

கார்டு தேய்த்தால் பணம் போகும் வேகம் கடைக்குக் கடை ஏன் மாறுகிறது என்று உலக அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள, மகாங்கே ஊரில் தோன் எவெலியோ அதை ஒரு தத்துவமாகவே வளர்த்து வைத்திருந்தார். ஆற்றங்கரையில் ஒரே சுவரை ஒட்டி அவருக்கு இரண்டு கடைகள்: மருந்துக்கடை, கால்பந்துப் பந்தயக் கடை. இரண்டுமே 'மக்கள் சேவை'.

நொஹெமி மருந்துக்கடையில் நின்றாள். இடுப்பில் ஆறு வயது மகள் யார்லெய். அவள் நெஞ்சு விசிலடித்தது. தேவை ஒரு இன்ஹேலர். ஊரின் ஒரே ஏ.டி.எம்.மில் வெள்ளிக்கிழமையே நோட்டு தீர்ந்துவிட்டது. கையில் கார்டுதான்.

"எத்தனை தவணை, என் ராணி?" என்றாள் கவுண்டரில் இருந்த மிலாதிஸ். அந்த ஊரில் கார்டை நீட்டினால் முதல் கேள்வி அதுதான்.

"ஒரே தவணை. சீக்கிரம்மா, பிள்ளைக்கு மூச்சு இழுக்குது."

மிலாதிஸ் 'முறைப்படி' ஸ்டூலில் ஏறினாள். பூசையில் பாதிரியார் அப்பத்தை உயர்த்துவதுபோல் கார்டு மெஷினை இரு கையாலும் தூக்கி, ஆற்றைப் பார்த்த ஜன்னலில் காட்டினாள். சிக்னல் அக்கரையிலிருந்து வர வேண்டும். வரிசையிலிருந்த கிழவர் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினார்.

"காத்திருக்கச் சொல்லுது."

"எவ்வளவு நேரம்?"

"போன வாரம் ஒருத்தர் காய்ச்சல் மாத்திரைக்குத் தேய்ச்சாரு. காசு போறதுக்குள்ள காய்ச்சல் போயிடுச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் பந்தயக் கடை மெஷின் பணம் வாங்கி 'டிங்' என்றது. உடனே இன்னொரு 'டிங்'.

"அங்க மட்டும் எப்படி?"

"அங்க கேபிள் இருக்கு. நமக்குப் பழைய சிம்."

அந்த நேரம் பார்த்துத் தோன் எவெலியோ வந்தார்.

"அந்தக் கேபிளை இந்தப் பக்கமும் இழுத்தா என்ன, தோன் எவெலியோ? நடுவுல ஒரு சுவர்தானே?" என்றாள் நொஹெமி.

அவர் பொறுமையாக விளக்கினார். பெரிய மனிதர்.

"நோயாளி எங்க போவான் செனியோரா? காத்திருப்பான். பந்தயம் கட்டுறவன் அப்படியா? மெஷின் ஒரு நிமிஷம் யோசிச்சா, அவனும் யோசிக்க ஆரம்பிச்சுடுவான். யோசிச்சவன் திரும்பி வர மாட்டான்."

யார்லெயின் உதடு நீலம் பாரித்தது.

"யோவ், பிள்ளையப் பாருய்யா! அந்த மெஷின்ல தேய்ச்சு விடு!" என்று கிழவர் கத்தினார். வரிசையே கத்தியது.

"சரி, சரி. ஆனா பந்தயம்னுதான் பதிவாகும். எனக்கு நேர்மை முக்கியம்."

நொஹெமி பக்கத்துக் கடைக்கு ஓடினாள். இன்ஹேலருடன் மிலாதிஸும், வேடிக்கை பார்க்க வரிசையும், நேர்மையைக் காக்கத் தோன் எவெலியோவும் பின்னாலேயே வந்தார்கள்.

"யார் மேல கட்டுறீங்க?" பந்தயக் கடைப் பெண் விரலைப் பொத்தானில் வைத்தாள்.

"என் பொண்ணு மேல."

"எதிரணி?"

நொஹெமி திரும்பிப் பார்த்தாள்.

"தோன் எவெலியோ."

டிங். மெஷின் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.