காதைப் பொத்திக்கொண்டு தூங்கும் சில்லைப் பற்றி நாத்தனாருக்கு

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களின் மேலான பார்வைக்கு,

இங்கு யாவரும் நலம். தங்கள் அண்ணனின் கால் மட்டும் இன்னும் மாவுக்கட்டில் இருக்கிறது. தாங்களும் தங்கள் செல்போன் பழுதுபார்க்கும் கடையும் நலமாக இருப்பீர்கள் என்றே கருதுகிறேன். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

நேற்று தொலைபேசியில் தாங்கள் உரைத்தது என் செவியில் இன்னும் நிற்கிறது. “உங்க கருவியை நம்பி எங்க அண்ணனை விட முடியாது அண்ணி. ஞாயித்துக்கிழமை வண்டியோட வந்து கூட்டிட்டுப் போறேன்.” அந்தக் கருவி யாருடைய கைபட்டுக் கெட்டது என்பதை இக்கடிதம் விளக்கும். படித்த பின்பும் வண்டி வருமானால், வாசலில் நான் நிற்பேன்.

நான் எந்தக் கல்லூரி வாசலையும் மிதித்தவளல்ல. தையல் இயந்திரத்தின் இரைச்சலில் மாடியிலிருந்து அவர் கூப்பிடும் குரல் கேட்காது என்பதால், புத்தகம் புத்தகமாகப் படித்து, நானே கணினி நிரல் எழுதி அக்கருவியை உருவாக்கினேன். அவர் கழுத்தில் ஒரு பொத்தான். என் இயந்திரத்துக்கு எதிரே சுவரில் ஒரு விளக்கு. அதை அழுத்தினால் இது எரியும். ஒருமுறை அழுத்தினால் போதும், திரும்பத் திரும்ப அழுத்துவது என் வேலையைச் சந்தேகிப்பதாகும் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லியும் வைத்தேன். அவரும் சொன்னபடி நடக்கிறவர்.

பொத்தானுக்குள் இருக்கும் சில்லு, அதாவது ‘சிப்’, பேட்டரி தீராமலிருக்கப் பெரும்பாலும் தூங்கும். அவ்வப்போது தானே விழித்து, பேட்டரியைச் சோதித்து, அழைப்பு ஏதும் உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் மறுபடி தூங்கும். அப்படிப் பார்ப்பதற்கு முன்பு குறுக்கீடுகளை, அதாவது பொத்தானிலிருந்து இடையில் வந்து தட்டும் அழைப்புகளை, வெளியிலேயே அடைத்து வைக்கும்படி நான் ஒரு வரி எழுதியிருந்தேன். போன வாரம் தாங்கள் வந்தபோது, நான் ஓர் அம்மாளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, என் கணினியில் அமர்ந்து, அந்த வரியை நீக்கி, கருவியிலும் ஏற்றிவிட்டீர்கள். போகும்போது செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னது நினைவிருக்கும்: “காதைப் பொத்திக்கிட்டுத் தூங்கினா எப்படி அண்ணி எழுந்திருக்கும்? அந்த வரியைத் தூக்கிட்டேன். நன்றியெல்லாம் வேணாம்.”

நாத்தனாரே, அது காதைப் பொத்துவதன்று, கதவைத் தாழிடுவது. தாழிட்ட கதவைத் தட்டினாலும் சில்லின் தூக்கம் கலையும். கலைந்த பிறகு தாழைத் திறந்து, வந்ததை வாங்கிக்கொள்ளும். தாழ் இல்லாவிட்டால் என்ன ஆகும்? சில்லு பார்க்கிறது, அழைப்பு இல்லை. தூங்கப் போகிற அந்த இடைவெளியில் பொத்தான் அழுத்தப்படுகிறது. அழைப்பு வந்ததென்று குறித்துக்கொள்கிறது. ஆனால் பார்க்கிற வேலைதான் முடிந்துவிட்டதே, மறுபடி ஏன் பார்க்கும்? அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப் போகும்.

முந்தாநாள் அதுதான் நடந்தது. உங்க அண்ணன் குளியலறையில் வழுக்கி விழப் பார்த்து, சுவரைப் பிடித்து, கவிழ்த்த வாளி மேல உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை அழுத்திட்டு, தலையெல்லாம் சோப்பு நுரையோட காத்திருக்கார். சில்லு அடுத்த முறை தானாக விழித்த பிறகுதான் விளக்கு எரிந்தது. நான் ஓடிப் போனா, நுரை காய்ஞ்சு உட்கார்ந்திருந்த மனுஷன், “அவசரமில்லை, தச்சு முடிச்சிட்டே வந்திருக்கலாம்” என்கிறார். இன்னொரு முறை விழுந்தால் எலும்பு சேராது என்று மருத்துவர் சொன்னது உனக்குத் தெரியாதா? மன்னிக்கவும், தங்களுக்குத் தெரியாதா?

அந்த வரியை அன்றே மீண்டும் சேர்த்துவிட்டேன். கருவி இப்போது குறையற்றது. இந்த வீட்டில் அவர் ஒருமுறை அழுத்தினால் நான் வந்து நிற்பேன். இக்கடிதம் எழுதுமுன்கூட விளக்கைப் பார்த்தேன், எரியவில்லை. அதை உறுதி செய்துகொண்டே சாப்பாட்டு மேசைக்கு வந்து பேனாவை எடுத்தேன். இதற்கு மேலும் ஒருத்தி எப்படிக் கவனமாக இருக்க முடியும்? ஆகவே வண்டி வேண்டாம்.

தங்கள் கணவருக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் அன்பும் உரித்தாகுக. தாங்கள் தொடும் செல்போன்கள் யாவும் பிழைத்து எழுக.

இப்படிக்கு,
பிறர் நிரலில் கைவைக்காத
தங்கள் அண்ணி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் இடும்போது பின்னால் ஏதோ உராயும் சத்தம். திரும்பினால் தங்கள் அண்ணன், உட்கார்ந்த நிலையிலேயே ஒவ்வொரு படியாக மாடியிலிருந்து நகர்ந்து வந்து, கடைசிப் படியில் இருக்கிறார். நான் இங்கே நாற்காலியை இழுத்துப் போட்ட சத்தம் கேட்டபோதே அழுத்தினாராம். தையல் அறையை எட்டிப் பார்த்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கிறது. கருவியின் மேல் எந்தக் குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வண்டியோடு வரலாம். அவர் கீழே ஒரு வரி எழுத வேண்டும் என்கிறார்:

தங்கச்சி, இனிமே ரெண்டாவது தடவை அழுத்தலாமான்னு உன் அண்ணிகிட்ட நீயே கேட்டுச் சொல்லு.