இடுப்புக்கு மேலே டென்னிஸ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இனி வீட்டில் இருப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். இருந்தால் மனைவி என்னை ஸ்டூலில் ஏற்றி மின்விசிறி துடைக்கச் சொல்வாள். துடைத்துவிட்டு இறங்கினால் பரண் காத்திருக்கும். வாரம் முழுக்க மேனேஜர் முன்னால் குனிந்தவன் ஒருநாளாவது முதுகை நிமிர்த்த வேண்டாமா?

உடம்புக்கு நல்லது, டென்னிஸ் ஆடப் போகிறேன் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவளே போய் ஷூவும் மட்டையும் வாங்கி வந்தாள். எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் போனேன்.

எங்கள் தெருமுனைப் பூங்காவில் டென்னிஸ் கோர்ட் ஒன்றே ஒன்றுதான். வருகிறவர்கள் மட்டையை வேலியில் வரிசையாக மாட்ட வேண்டும். கோர்ட் காலியானதும் முதல் இரண்டு மட்டைக்காரர்கள் ஆட வேண்டும். நானும் மாட்டுவேன். என் முறை நெருங்கும்போது நைசாக எடுத்துக் கடைசியில் மாட்டிவிட்டு, பெஞ்சில் மருந்துக்கடைக்காரரோடு ஊர்க்கதை பேசுவேன். கிளம்பும்போது குழாயடியில் சட்டையை நனைத்துக்கொள்வேன். வீட்டில் ராஜ உபசாரம். ஒருநாள் காலைக்கூடப் பிடித்துவிட்டாள்.

"ரொம்ப ஓடுனீங்களா?"

"பின்னே? நிக்க நேரமில்ல."

"பாவம்" என்றாள். என் சாக்ஸைக் கழற்றித் தொட்டுப் பார்த்தாள். 

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, வழக்கம்போல மட்டையை இடம் மாற்றப் போனேன். என்னுடையதை ஒட்டிப் பச்சைப்பிடி போட்ட மட்டை ஒன்று தொங்கியது. யாருடையது என்று பார்ப்பதற்குள் ஒரு கை என் கையைப் பிடித்தது.

"விடுங்க. நம்ம முறைதான்."

மனைவி. காலில் ஷூ.

"நீ எங்கே இங்கே?"

"சட்டை தொப்பலா நனையுது, சாக்ஸ் மட்டும் காஞ்சே வருது. அதென்னங்க, இடுப்புக்கு மேல மட்டும் டென்னிஸ்?"

நான் ஆபீஸ் போனபிறகு எதிர்வீட்டு அக்காவிடம் தினமும் கற்றுக்கொண்டாளாம். தோற்பவர் ஞாயிறுதோறும் பரண் ஏற வேண்டும் என்றாள். மருந்துக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பாவம், புதிதாகக் கற்றவள் என்று பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டேன்.

முதல் பந்து எந்தப் பக்கம் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நடுவில் எனக்கு மூச்சு வாங்கியது. பதறிப்போய் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள், முதுகைத் தடவினாள், உட்காருங்க என்றாள். அந்த அக்கறை நிஜம். நான் எழுந்ததும் அவள் போட்ட பந்து அதைவிட நிஜம். ஆறுக்கு சைபர். மருந்துக்கடைக்காரர்தான் உரக்க அறிவித்தார்.

இந்த ஞாயிறு அவள் ஆடப் போனாள். நான் பரணில் ஏறி, பழைய பெட்டிகளையெல்லாம் இறக்கித் தட்டி ஏற்றி, அப்படியே மின்விசிறிகளையும் துடைத்து முடித்தபோது வந்து சேர்ந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். தன் துண்டால் என் நெற்றியைத் துடைத்தாள்.

"இன்னைக்குத்தாங்க, டென்னிஸ் ஆடிட்டு வந்த மாதிரி இருக்கீங்க."